ராயக்கோட்டை துர்கத்தில் மழை: நாலு பேருக்கு ஒரு குடை

செந்தூரா | ஞாயிறு, இரவு 9:40

இன்னும் தலை காயவில்லை. அதற்குள் எழுதிவிடுகிறேன், நாளைக்கு ஆபீஸ் போனால் பாதி மறந்துவிடும்.

காலேஜ் கூட்டாளிகள் நாலு பேர். நானும் முனியும் தருமபுரி, சலீம் கிருஷ்ணகிரி பழையபேட்டை, வெங்கி ஓசூர். நாலு பேருக்கும் ஏறக்குறைய நடுவில் இருப்பது ராயக்கோட்டை. அந்த ஊர் மலைமேல் இருக்கிற பழைய கோட்டைதான் துர்கம். ஆறு மாதமாக "ஒருநாள் போலாம்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம், இன்று போயேவிட்டோம். காலையில் தக்காளி மண்டிப் பக்கம் ஒரு டீக்கடையில் போண்டாவை முடித்தபோது வெயில் சுள்ளென்று இருந்தது. அதை நம்பித்தான் முனி கொண்டுவந்த குடையை எல்லாரும் கிண்டல் செய்தோம்.

ஏறும்போது வழி நெடுக சீத்தாப்பழச் செடி. பழம் இன்னும் கண் திறக்கவில்லை, ஆனாலும் வெங்கி ரெண்டு பறித்துப் பையில் போட்டுக்கொண்டான். பாறையில் வெட்டின படி, அப்புறம் கொஞ்சம் மண், அப்புறம் மறுபடி படி. பாதி மலையில் பாலக்கோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தால் வானம் மைக்கறுப்பு. கீழே ரயில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் வெயில், அதற்குப் பின்னால் இருந்த ஊர்மேல் மழை. அந்தக் கோடு எங்களை நோக்கி நகர்ந்து வருவதைக் கண்ணாலேயே பார்த்தோம். சலீம் "இறங்கிடலாமா?" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லியிருக்க வேண்டும்.

முதல் துளி விழுந்தது, அடுத்த நிமிஷம் கொட்டியது. குடையை விரித்தோம், காற்று அதை ஒரே உதறலில் தாமரைப்பூ மாதிரி மேலே திருப்பிவிட்டது. ஓடிப்போய் ஒரு வாசல் வளைவுக்குள் நுழைந்தால், அங்கே எங்களுக்கு முன்னாலேயே ஒரு ஆடு மேய்க்கிற தாத்தாவும் பதினைந்து ஆடுகளும். ஆட்டு வாசம், ஈரச் சுண்ணாம்பு வாசம், முனியின் சாக்ஸ் வாசம். அரைமணி நேரம் அப்படியே நின்றோம்.

அந்த அரைமணி நேரத்தைச் சொல்லத்தான் இந்த இழையையே ஆரம்பித்தேன்.

வாசலிலிருந்து பார்த்தால் எதிரே பெரிய பாறைச் சரிவு. வெயிலில் அது வெறும் மொட்டைப் பாறை. மழையில் அதன்மேல் தண்ணீர் மெல்லிய தகடாக இறங்கியது. முதலில் நான் கவனிக்கவில்லை, தாத்தாதான் கம்பை நீட்டிக் காட்டினார். இறங்குகிற தண்ணீர் கண்டபடி ஓடவில்லை. சரிவின் அடியில் விரல் நாலு அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். தகடு தகடாக வந்த தண்ணீரெல்லாம் அதில் விழுந்து, ஒரு மதிலின் காலோடு ஒட்டி ஓடி, ஒரு திருப்பம் திரும்பி, கீழே இருக்கிற சுனைக்குள் கொட்டியது. ஒரு சீத்தா இலை அந்த வாய்க்காலில் வந்தது. திருப்பத்தில் ஒரு நொடி தயங்கி, வாலைச் சுழற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைகிற பஸ் மாதிரி வளைந்து போனது. நாலு பேரும் அந்த இலையைப் பார்த்துக் கைதட்டினோம். தாத்தா எங்களைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மழை நின்றதும் கிளம்பப் பார்த்தோம். "இருங்கப்பா. மழை நின்னுடும், பாறை நிக்காது" என்றார். நாங்கள் கேட்கவில்லை. வெங்கி ஒரு கறுப்புக் கோட்டில் கால் வைத்தான். உட்கார்ந்தபடியே ஆறேழு அடி சறுக்கிப் போனான். ஜீன்ஸ் கிழிந்தது, ஒற்றைச் செருப்பு எங்கோ பள்ளத்தில் போயிற்று, உள்ளங்கை முழுக்கச் சிராய்ப்பு. என் போனும் கேரி பேக்குக்குள்ளேயே உயிரை விட்டது. அதனால் படம் எதுவும் இல்லை, மன்னிக்கவும்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த வாய்க்கால் நான் நினைக்கிறபடி கோட்டைக்காரர்கள் வெட்டியதுதானா, இல்லை தற்செயலா? மழையில் இந்தக் கோட்டையை வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

பாலக்கோடு பஸ் | ஞாயிறு, இரவு 10:05

//வெங்கி ரெண்டு பறித்துப் பையில் போட்டுக்கொண்டான்//

சறுக்கினானே, அந்தச் சீத்தாப்பழம் என்ன ஆச்சு? முக்கியமானதைச் சொல்லாமல் வாய்க்கால் கதை சொல்கிறீர்கள்.

மழைக்கணக்கு | ஞாயிறு, இரவு 10:31

படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் திட்டாமல் இருக்க முடியவில்லை. இடி இடித்ததா இல்லையா? ஒரு வார்த்தை எழுதவில்லை. செப்டம்பர் மாதத்தில் நம் பக்கம் பிற்பகலுக்கு மேல் வருகிற மழை பெரும்பாலும் இடிமழை. சுற்றுவட்டாரத்தில் உயரமான இடம் அந்த மொட்டைப் பாறை, அதன்மேல் நீட்டிக்கொண்டிருக்கிறவர்கள் நீங்கள் நாலு பேர், உங்கள் கையில் இரும்புக்கம்பி வைத்த குடை.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். ஆனால் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை, இடிச் சத்தம் காதில் விழுந்தாலே நீங்கள் மின்னலுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகிற வரைக்கும் மொட்டைப் பாறை, தனிமரம் ரெண்டும் ஆகாது. இடிந்த கட்டடத்துக்குள் ஒதுங்குவது மழைக்குச் சரி, மின்னலுக்குப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள்.

அப்புறம், மலையில் பெய்கிறது பெரிதா சிறிதா என்பதைக் கீழே இருந்து சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. கடலோரத்தில் பெய்ய வேண்டியதெல்லாம் நம்ம ஊரில் வந்து இறங்கியது. பஸ், வேன் எல்லாம் வெள்ளத்தில் உருண்டதைப் பார்த்தோம். "நம்ம ஊர் மழை எவ்வளவு பெய்துவிடும்" என்ற பேச்சு அன்றோடு போயிற்று.

செந்தூரா | ஞாயிறு, இரவு 10:50

இடித்தது. நாலைந்து முறை. குடைக்கு அப்போது கம்பி இருந்ததே தவிர துணி இல்லை. இனிமேல் போகமாட்டோம், சரியா? சீத்தாப்பழம் நசுங்கி வெங்கியின் பைக்குள் இருக்கிற சார்ஜர்மேல் அப்பிக்கொண்டது.

நனைந்தகோழி | திங்கள், காலை 7:15

இழையில் சொல்லப்படும் முனி நான்தான். இதற்காகவே கணக்குத் தொடங்கினேன். சில திருத்தங்கள்.

ஒன்று, குடை என் அம்மாவுடையது. மூன்று மடிப்புக் குடை, வாங்கி ரெண்டு மாதம்கூட ஆகவில்லை. அதைக் காற்றுக்கு எதிராகப் பிடித்தது செந்தூரா. நான் சொல்லச் சொல்ல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பிடித்தார். குடைக்காசு யார் தருவது என்று இதுவரை பேச்சே இல்லை.

ரெண்டு, "இறங்கிடலாமா" என்று சலீம் கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை என்பது பொய். "இவ்வளவு தூரம் வந்துட்டு?" என்று ஒருவர் சொன்னார். யார் என்று சொல்லமாட்டேன், மாம்பழப் பேர் வைத்திருப்பவர்.

சாக்ஸ் பற்றிப் பேச விரும்பவில்லை.

துர்கம்தேடி | திங்கள், காலை 11:20

தம்பிகளா, பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லி ஓய்வு பெற்றவன் நான். மலைமேல் நிற்கிற எல்லாவற்றுக்கும் ஏதாவது கதை கேட்டுவந்தே பழகிவிட்டது, அதனால் கொஞ்சம் நீளும்.

முதலில், யாராவது "அதியமான் கோட்டை" என்று ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். அதியமானுக்குத் தகடூர், அதாவது நம் தருமபுரி. நெல்லிக்கனி கொடுத்த மகராசன், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கம் கல் மேல் கல் இருந்தாலே அவர் பேரில் எழுதிவைக்கிற வழக்கத்தை விட வேண்டும். இன்று நாம் ஏறிப் பார்க்கிற மதிலும் கொத்தளமும் துப்பாக்கியும் பீரங்கியும் வந்த பிறகான வேலை.

இந்தப் பகுதிக்கே பாரமகால் என்று பேர். பன்னிரண்டு கோட்டைகள் என்று அர்த்தம் சொல்வார்கள். எந்தப் பன்னிரண்டு என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பட்டியல் நீட்டுவார்கள். கிருஷ்ணகிரியும் ஜெகதேவியும் மட்டும் எல்லாரிடமும் இருக்கும்.

ராயக்கோட்டையின் பெருமை அது நிற்கிற இடம். கீழே பாரமகால், மேலே மைசூர் மேட்டுநிலம். ஏறுகிற வழியின் வாயில் உட்கார்ந்திருக்கிற கோட்டை. 1791 ஜூலையில், திப்புவோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில், மேஜர் கௌடி தலைமையில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை வந்தது. கீழ்க்கோட்டையைத் தாக்கிப் பிடித்தார்கள். மேல்கோட்டை எளிதில் விழுகிற இடமில்லை, ஆனாலும் சில நாளிலேயே சரணடைந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகால் மொத்தமும் கம்பெனி கைக்குப் போனது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக வந்தார், அவருக்குக் கீழே உதவியாளராக வந்தவர்தான் தாமஸ் மன்றோ. பின்னால் மதராஸ் கவர்னர் ஆனாரே, அவரேதான். உழவனோடு நேரடியாக வரி பேசுகிற ரயத்துவாரி முறைக்கு முதல் பாடம் இந்த நிலத்தில்தான் படித்தார்கள். 1799இல் ஜெனரல் ஹாரிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கி நடத்திப்போன பெரும்படையும் ராயக்கோட்டை வழியாகத்தான் மேலே ஏறியது. நீங்கள் போண்டா தின்ற இடத்துப் பக்கம் அப்போது எத்தனை ஆயிரம் காளை மாடு கட்டியிருப்பார்களோ.

வாய்க்கால் பற்றி: சுனைகள் இயற்கை என்பது என் எண்ணம். மலைமேல் எங்கும் இருக்கிற மாதிரி பாறைப் பள்ளம், மழை பெய்தால் நிறைகிறது. வாய்க்கால் பிற்பாடு யாராவது வெட்டியிருக்கலாம்.

பழையபேட்டை | திங்கள், பகல் 1:02

சலீம் பேசுகிறேன். ஐயா சொன்னதில் எங்கள் ஊர் விட்டுப்போயிற்று. ராயக்கோட்டை ஜூலையில் விழுந்ததே, அதே 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரி மலைமேல் ஏறப் பார்த்தார். கீழே பேட்டையைப் பிடித்துவிட்டார்கள். அதே சூட்டில் மேல்கோட்டைக்குள்ளும் நுழைந்துவிடலாம் என்று துரத்திக்கொண்டு போனவர்கள்மேல் மேலிருந்து பாறையை உருட்டிவிட்டார்கள். திரும்பிப் போக வேண்டியதாயிற்று. உடன்படிக்கையில் கொடுத்தோமே தவிர அந்தச் சண்டையில் கொடுக்கவில்லை.

நான் பிறந்ததிலிருந்து தினமும் ஜன்னலில் பார்க்கிற மலை. உச்சியில் சையத் பாஷா தர்கா, அதனால் எங்களுக்கு அது சையத் பாஷா மலை. இந்தக் கும்பலை முதலில் அங்கே கூட்டிப்போயிருக்க வேண்டும். கேட்டால்தானே.

கல்லுடைப்பான் | செவ்வாய், இரவு 8:48

நான் குவாரியில் இருபத்திரண்டு வருஷம். இப்போது மேஸ்திரி. கோட்டை வரலாறு எனக்குத் தெரியாது, பாறை தெரியும்.

முதல் விஷயம், வெங்கித் தம்பி கால் வைத்த கறுப்புக் கோடு. எந்த மலையைப் பார்த்தாலும் உச்சியிலிருந்து கறுப்புக் கறுப்பாகக் கோடு இறங்கும். அது கல்லின் நிறம் இல்லை. வருஷக்கணக்காகத் தண்ணீர் இறங்கின தடம், அதில் பிடித்துக் காய்ந்த பாசி. காய்ந்திருக்கும்போது சும்மா கிடக்கும். நாலு துளி பட்டதும் உயிர் வந்து எண்ணெய் தடவின மாதிரி ஆகிவிடும். வெளுத்த பாறையில் சொரசொரப்பு இருக்கும், ஈரத்திலும் ஓரளவு கால் பிடிக்கும். ஆகவே இறங்கும்போது கறுப்பைத் தாண்டி வெளுப்பில் வைக்க வேண்டும். எங்கள் குவாரியில் புதுப் பையன் வந்தால் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதுதான். அந்தத் தாத்தா படிக்காமலே பாடம் நடத்தியிருக்கிறார்.

ரெண்டாவது. ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. சுனை எல்லாம் இயற்கை என்று சொல்லிவிட முடியாது. யோசித்துப் பாருங்கள். மலை உச்சியில் மதில் கட்டக் கல் வேண்டும். கீழே இருந்து யார் சுமப்பது? அங்கேயே உடைப்பார்கள். உடைத்த இடம் பள்ளமாகும். பள்ளத்தைச் சும்மா விடுவானா? இன்னும் கொஞ்சம் ஆழமாக்கி, ஒரு பக்கம் வரப்பு கட்டினால் தண்ணீர்த் தொட்டி. கூலி ஒன்று, வேலை ரெண்டு. பழைய மலைக்கோட்டைகள் பலவற்றில் இப்படித்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லை உடைக்க உளியால் வரிசையாகச் சின்னக் குழி போடுவோம். அதில் ஆப்பு இறக்கி, சம்மட்டியால் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிக்கொண்டே போவோம். ஒரே ஆப்பை ஓங்கி அடிக்கக் கூடாது, கல் தாறுமாறாகப் போகும். கல் பிளக்கப்போகிற நேரத்தில் சத்தம் மாறும். 'டங்' என்று கேட்டது 'டப்' என்று மங்கும். அப்போது கையை நிறுத்திவிட்டு நின்றால் தானாகவே நூல் பிடித்த மாதிரி விரியும். பிளந்த முகத்தில் பாதிக் குழிகள் பல்வரிசை மாதிரி நிற்கும். எத்தனை நூறு வருஷம் போனாலும் அழியாது.

சுனையின் சுவரில் அந்தப் பல்வரிசை இருந்தால் வெட்டினது. வழவழவென்று உருண்டையாக இருந்தால் ஐயா சொன்னது. தண்ணீர் இறங்கின பிறகு போய்ப் பாருங்கள். என்னைக் கூப்பிட்டாலும் வருகிறேன், ஞாயிற்றுக்கிழமை லீவு.

துர்கம்தேடி | செவ்வாய், இரவு 9:30

கோபம் எதற்கு? நாற்பது வருஷம் மலை ஏறியிருக்கிறேன், சுனைச் சுவரை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. கல்வெட்டு இருக்கிறதா என்றுதான் தேடுவேன். உளித்தடமும் ஒருவகைக் கல்வெட்டுதானே, எழுத்தாக இல்லாததால் என் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

அப்படியானால் முற்றுகையின் கணக்கும் மாறும். மேலே நெல்லும் வெடிமருந்தும் எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கலாம், தண்ணீரை அடுக்க முடியாது. மழையில் பிடித்தால்தான் உண்டு. முதல் மைசூர்ப் போரில் கம்பெனிப் படையினர் கிருஷ்ணகிரியை நேரே ஏறிப் பிடிக்க முடியாமல் சுற்றி வளைத்து உட்கார்ந்தார்கள், 1768இல்தான் அது கைக்கு வந்தது. வெளியே உட்கார்ந்திருப்பவன் நாளை எண்ணுவான், உள்ளே இருப்பவன் சுனையில் எத்தனை முழம் என்று எண்ணியிருப்பான்.

ரெண்டு பிள்ளைகளின் அம்மா | புதன், பகல் 3:10

பீரங்கி, ஆப்பு எல்லாம் நீங்கள் பேசுங்கள். போன மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். மேலே குடிக்கத் தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது, நிழலும் குறைவு. வளைவின்மேல் பெயின்டில் எழுதியிருக்கிற காதலர் பேரையெல்லாம் என் சின்னவன் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தான், தமிழ் வாசிப்பு நன்றாக முன்னேறியது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சிதைத்தால் ரெண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. அதையும் பெயின்டில் எழுதிவைத்தால்தான் படிப்பார்கள் போல.

புதையலுக்குத் தோண்டின குழி ஒன்று வழியோரம் இருக்கிறது. மழைத்தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. குழந்தைகளோடு போகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். செங்கல் சுவருக்கு அடியிலும் மழையில் ஒதுங்காதீர்கள், அரசமர வேர் பிளந்து வைத்திருக்கிறது.

பாலக்கோடு பஸ் | புதன், மாலை 6:44

புதையல் தோண்டினவன் சுனைக்குள் தேடியிருக்க வேண்டும். வெங்கியின் செருப்பாவது கிடைத்திருக்கும்.

செந்தூரா | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:15

போய்வந்தோம். மழைக்கணக்கு சார், காலை ஆறரைக்கு ஏறி பதினொன்றுக்கு இறங்கிவிட்டோம், வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லை. கல்லுடைப்பான் அண்ணன் வந்தார், துர்கம்தேடி ஐயா பாதி மலை வரை வந்து அந்த வளைவில் உட்கார்ந்துகொண்டார், முட்டிவலி.

சுனையில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. அண்ணன் முதலில் சுவரைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்று "இந்தா" என்றார். என் கையைப் பிடித்து வைத்தார். விரல் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்தது, எடுத்துத் தள்ளி வைத்தால் இன்னொன்று. ஒரு கட்டைவிரல் அகலம், சம இடைவெளி. தண்ணீருக்கு மேலே ஏழு எண்ணினோம், வரிசை தண்ணீருக்குள் போகிறது. எதிர்ச்சுவர் வழவழவென்று உருண்டை. அதாவது ஐயா சொன்னது பாதி, அண்ணன் சொன்னது பாதி. இருந்த பள்ளத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். இறங்கிவந்து சொன்னதும் ஐயா ரொம்பச் சந்தோஷமாகத் தோற்றுப்போனார்.

வாய்க்காலையும் காட்டினேன். உளி வேலைதான் என்றார், திருப்பத்தில் வெளிப்பக்க உதட்டை மட்டும் கொஞ்சம் உயர்த்தி விட்டிருப்பதைக் காட்டினார். வேகமாக வருகிற தண்ணீர் வளைவில் வெளியே தாவும், அதற்காகவாம். அந்தச் சீத்தா இலை ஏன் தாவிப்போகவில்லை என்று இப்போது தெரிந்தது. திருப்பத்துக்குக் கொஞ்சம் மேலே சிப்ஸ் கவர், தண்ணீர் பாட்டில், ஒரு தீப்பெட்டி எல்லாம் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தன. ஒரு கோணிப்பை நிறையக் கீழே கொண்டுவந்தோம். அன்று மழையில் அடித்துவந்ததாகத்தான் இருக்க வேண்டும், அதில் எங்கள் பிஸ்கட் கவரும் ஒன்று. சலீம் அதை எடுத்து ஒன்றும் பேசாமல் என்னிடம் காட்டினான்.

தாத்தாவையும் பார்த்தோம். வெங்கியின் செருப்பு அவரிடம்தான் இருக்கிறது. ஒற்றைச் செருப்பு யாருக்கு ஆகும் என்று குட்டி ஆட்டைக் கட்டுகிற முளைக்குச்சியில் மாட்டிவைத்திருக்கிறார். வெங்கி கேட்கவில்லை.

நனைந்தகோழி | ஞாயிறு, இரவு 8:21

குடைக்காசு?